இடம் மாறிய ரி

பார்வையற்றோர் இசைப்பள்ளியில் அவளுக்குப் பெயர் புள்ளியம்மா. அச்சிட்ட இசைத்தாளை, விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளிகளாகக் குத்தித் தருவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னலோர மேஜை, அதே இரும்புச் சட்டம், குத்தூசி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் ஒரு காய்ப்பு. "ஒரு புள்ளி பிசகினா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று சவடால் விடுவாள். வெறும் சவடால்தான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுகிற ஜென்மம் அது.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. தாளின் பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும். அதனால் ஒவ்வொரு சுரத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திருப்பிக் குத்த வேண்டும். திருப்ப மறந்தால், ரி இருக்க வேண்டிய இடத்தில் த வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் விரலக்கா இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். குத்திய பக்கத்தை அவள் தடவி உரக்கப் படிக்க, புள்ளியம்மா அச்சுத்தாளோடு ஒத்துப் பார்ப்பாள்.

மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் விடுப்பில் போயிருந்த விரலக்கா, அன்று காலைதான் திரும்பினாள். வந்ததும் வராததுமாகக் கோப்பைத் திறந்து தடவினாள். நாலாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

"ஏண்டி, இங்க த வருமா?"

புள்ளியம்மா அச்சுத்தாளை இழுத்துப் பார்த்தாள். ரி. சந்தேகமே இல்லாமல் ரி. இரண்டு தாளைச் சேர்த்து வைத்துக் குத்தியதில் ஒன்று கோப்பில் இருந்தது. இன்னொன்று இரண்டு மாதமாக டெலிபோன்காரர் கையில்.

ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிறவர் அவர். முப்பத்தைந்து வயதில் பார்வை போனவர். இசை ஆசிரியர் தேர்வை இரண்டு முறை எழுதித் தவறிவிட்டார். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு இன்றைக்கு, பத்தரை மணிக்கு, மாடியில். அவர் வாசிக்க வேண்டிய பாட்டு இதுதான். அந்த நாலாவது வரி பாட்டில் நாலு முறை திரும்பி வரும்.

மணி பத்தேகால்.

"இப்போ போய்ச் சொன்னா மனுஷன் கை உதறிடும்" என்றாள் விரலக்கா.

"சொல்லலேன்னா?"

புள்ளியம்மா படியேறினாள். பேசாமல் திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினாள்.

அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் பியானோ வாசிப்பதுபோல் விரலோட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் காதுச் சொட்டு மருந்து வாடை அடித்தது. ஒரு மாதமாகவே அவர் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அந்த வாடை உண்டு. சளியாக இருக்கும் என்று அவளும் கேட்காமல் விட்டிருந்தாள்.

"யாரு, புள்ளியம்மாவா? செருப்புச் சத்தமே படபடங்குதே."

"சார், என்னை மன்னிச்சிடுங்க. நாலாவது வரியில த இருக்குல்ல, அது ரி. நான் திருப்பிக் குத்த மறந்துட்டேன். சரிபார்க்காமலே குடுத்துட்டேன்."

முழங்காலில் ஓடிய விரல்கள் நின்றன. அவர் முகம் வெளிறிப்போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள்.

"ரியா?" என்றார் மெதுவாக. "நிஜமாவே ரியா?"

"ஆமா சார்."

"அந்த இடம் முதல் நாளே காதுல உறுத்துச்சும்மா. உங்க புள்ளி தப்பாதே, அப்போ என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கண்ணு போன மாதிரி இதுவும் போகுதுன்னு பயம். மூணு டாக்டரைப் பார்த்துட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல." அவர் தன் காதைத் தொட்டுக்கொண்டார். "அப்போ என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். கெட்டது என் கைதான்" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. அவர் எழுந்து, சட்டைப்பையிலிருந்த மருந்துப் புட்டியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. பியானோ தொடங்கியது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. புள்ளியம்மா புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாலாவது வரியில் ஒரு நொடி தயக்கம். அப்புறம் ரி.

இன்னும் மூன்று முறை வர வேண்டும். அவள் சுவரோடு சாய்ந்து எண்ணத் தொடங்கினாள்.