ஐந்தருவி அன்பன் என்று ஒருவன் உண்டா?

போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "சார், நல்லா எழுதினா மட்டும் போதாது. உங்க பேரை ஒரு பிராண்டா வளர்க்கணும். முதல்ல நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க." சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து தூக்கம் போயிற்று. சிரித்தால் விளையாட்டுப் பயல் என்பார்கள். முறைத்தால் வாசகர் பயந்துவிடுவார். முதலில் சட்டை எடுப்போம் என்று தென்காசிக்குப் போனேன். கடைக்காரர் சட்டையை உதறி விரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாடை குப்பென்று அடித்தது.

அந்த வாடை என்னைக் கொண்டுபோய்க் குற்றாலத்து ஐந்தருவியில் இறக்கியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வாலிபத்தில் அங்கே ஒரு துண்டுக் கடையில் நின்றேன். துண்டு, சோப்பு, சீயக்காய், தேய்த்துக் குளிக்க எண்ணெய், இவ்வளவுதான் கடை. சாரல் விழுந்தால்தான் கூட்டம் வரும். அதே சாரலில் துண்டுக் கட்டு நனைந்தும் போகும். ஆகையால் மழை பெய்தாலும் கவலை, பெய்யாவிட்டாலும் கவலை. எனக்கென்றே அமைந்த வேலை.

ஆள் வராத மத்தியானங்களில் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். சொந்தப் பேரில் அனுப்பப் பயம். துண்டு மடிக்கிறவன் கதையை யார் படிப்பார்? ஊர்ப் பேரைச் சேர்க்கலாம் என்றால், என் ஊர் இலத்தூரை வெளியே யாருக்குத் தெரியும்? நாடறிந்த அருவி பக்கத்திலேயே இருக்கிறதே என்று 'ஐந்தருவி அன்பன்' ஆனேன். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அசட்டுத்தனம் கிடையாது. பேரில் அருவியை வைத்துக்கொண்டால், சீசன் தொடங்கியதும் உலகமே நமக்குச் சொந்தக்காரர்தான்.

ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. விருதுநகர்க் குடும்பம் ஒன்று, பெட்டியும் பையுமாக நனைந்துகொண்டு கடை முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, ஐந்தருவி அன்பன்னு ஒரு எழுத்தாளர். அவர் வீடு எங்க இருக்கு? எங்கயும் ரூம் கிடைக்கல, அவரைக் கேட்டா ஏற்பாடு செய்வாரு" என்றார் அந்த அம்மா.

"வழி நெடுகக் கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியல" என்று சலித்தார் அவர் புருஷன்.

முதலாளி அண்ணாச்சி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்படி ஒரு ஆளே இங்கன கெடையாதும்மா. அருவி பேரச் சொல்லி எவனோ ஏமாத்துதான்."

நான்தான் என்றால் அண்ணாச்சி சிரிப்பார். அந்த அம்மா மனசில் வைத்திருக்கும் ஜிப்பாக்காரப் பெரியவர் அங்கேயே காணாமல் போவார். சொல்லாவிட்டாலோ, அன்பன் ஒரு எத்தன் என்று விருதுநகர் முழுக்கப் பேச்சாகும். எழுதிச் சேர்த்தது அந்தப் பேர் ஒன்றுதான். தலையில் துண்டுக் கட்டோடு, "அம்மா, அது நாந்தான்" என்றேன்.

"ஏலே, நீயா? போர்டுல துண்டு வெலை எழுதச் சொன்னாலே கை நடுங்குத பயலாச்சே நீ!"

அந்த அம்மாவும் சட்டென்று நம்பவில்லை. "அப்போ சொல்லுங்க. உங்க கதையில குரங்கு சோப்பைத் தூக்கிட்டு மரத்துல ஏறிச்சே, பிறகு அந்த சோப்பு என்ன ஆச்சு? சொல்லாமலே முடிச்சிட்டீங்க."

நான் அண்ணாச்சியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். "கடிச்சுப் பாத்துட்டு எறிஞ்சிட்டும்மா. இந்த அண்ணாச்சி மண்டையிலதான் விழுந்துச்சு. பயந்துபோய் எழுதாம விட்டுட்டேன்."

அந்த அம்மா அண்ணாச்சியின் வழுக்கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அருவிச் சத்தத்தையும் மீறி! புருஷனும் சேர்ந்துகொண்டார். அண்ணாச்சி தலையைத் தடவியபடி, "நான் கதையில வாரனாலே? இனி பயப்படாம எழுது. என் பேரயும் போட்டுரு" என்றார்.

அன்றிரவு அந்தக் குடும்பம் இலத்தூரில் எங்கள் வீட்டில் தங்கியது. போனவர்கள் பத்துப்பேரிடம் சொல்ல, அடுத்தடுத்த சீசன்களில் வாசகர்கள் வந்தபடி இருந்தார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று கூவுவார்: "எழுத்தாளர் கையால மடிச்ச துண்டு! வாங்க, வாங்க!" அடுத்த கதை சுமாராகப் போனால் துண்டும் விற்காதே என்று நான் உள்ளே கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையும் இல்லை. வாசகர்கள் இன்றைக்கும் குற்றாலத்துக்கு வருகிறார்கள். குளிக்கிறார்கள், செல்போனில் எடுத்து இணையத்தில் படம் போடுகிறார்கள், என் பேரையும் அன்போடு அதில் கோத்துவிடுகிறார்கள். பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் யாரும் கடை கடையாக விசாரிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கொடியில் வெளியூர்க்காரர்களின் ஈரத்துணி காய்ந்து எத்தனையோ சீசன் ஆகிவிட்டது.