குட் மோனிங் ரவி

டர்ர்ர்... டக்... டர்ர்ர்...

கல்முனை பஸாரில் இந்தச் சத்தம் கேட்டால், காதர் காக்காவின் கடையில் கம்பியூட்டர் எழும்புகிறது என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் தெரியும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடையின் உண்மையான தொழில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது. ஒரு மூலையில் மட்டும் கம்பியூட்டரும் நானும்.

காக்கா கொழும்பில் மலிவாக வாங்கி வந்த செகண்ட்ஹேண்ட் மெஷின். உள்ளே ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. தினமும் காலையில் டொஸ் இருக்கிற ஃப்ளொப்பியைப் போட்டுத்தான் அதை உயிர்ப்பிக்க வேண்டும். டைப் செய்கிற புரோகிராமும் அதே ஃப்ளொப்பியில்தான். அது இல்லையென்றால் வெறும் பெட்டி... மேலே டீ கிளாஸ் வைக்கலாம், அவ்வளவுதான்.

நோன்புக்கு முந்தின வாரம். பள்ளிவாசலுக்கு நோன்பு நேர அட்டவணை அடித்துத் தருவதாக காக்கா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. "பெட்டியத் தட்டிக்கிட்டு இரிக்கிறதும் ஒரு தொழிலா?" என்று வாப்பா கேட்டுக்கொண்டே இருந்த காலம். அவருக்குச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரே வெறி.

அன்று காலை ஃப்ளொப்பி டிஸ்க்கைப் போட்டால்... சத்தம் மட்டும்தான். திரையில் டிஸ்க் சரியில்லை என்று ஒரு வரி. ஸ்பெயார் டிஸ்க்கும் அப்படியே.

"காக்கா, டிஸ்க்க ஆரும் எடுத்தயா?"

"நான்தான் மகன். மழைக்கி மேசைக்கு மேலெல்லாம் ஒழுகின. நனையாம பத்திரமா ஸ்பீக்கருக்கு மேல வெச்சன்."

ஹோர்ன் ஸ்பீக்கரின் பின்பக்கம், காந்தம் இருக்கிற அதே இடத்தில், பொலித்தீனில் சுற்றி... பத்திரமாக! இருந்ததையெல்லாம் காந்தம் துடைத்துவிட்டது. விளங்கப்படுத்தியதும் மனிசனின் முகம் சுருங்கிப்போனது. கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

அதே டிஸ்க் வைத்திருந்த, எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ரவி. கம்பியூட்டர் கோர்ஸில் என் பக்கத்துக் கதிரை. ஊர் பாண்டிருப்பு. சைக்கிளில் மிதித்தால் கொஞ்ச நேரம்தான்... ஆனால் அந்த வாரம் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் ஏதோ பதற்றம். அவர்கள் இங்கே வரவில்லை, நாங்கள் அங்கே போகவில்லை. இரண்டு பக்கமும் பேக்கரிப் பாண் விற்கிற ஒருவர் மட்டும் போய்வந்தார். டிஸ்க்கை அவரிடம் கொடுத்துவிடும்படி ரவிக்குச் சொல்லி அனுப்பினேன்.

மதியம் ரவியே வந்து நின்றான். வியர்த்து ஒழுக, சட்டைக்குள்ளிருந்து டிஸ்க்கை எடுத்தான்.

"நீ ஏன்டா வந்த?"

"பாண் பெட்டிக்குள்ள போட்டா மாவாப் போயிரும் மச்சான். மறுகா ஆர் அழுற?"

போட்டோம். டர்ர்ர்... டக்... முதல் வரியாக வந்தது: குட் மோனிங் ரவி.

தன் டிஸ்க்கில் தனக்குத்தானே வணக்கம் எழுதி வைத்திருந்தான், கள்ளன்! சிரித்து முடிய அதை அப்படியே எங்கள் டிஸ்க்கில் கொப்பி அடித்தோம். திரும்பிப் போகும்போது, காக்கா மோட்டார் சைக்கிளை அவனுடைய சைக்கிளோடு மெதுவாக ஓட்டிக்கொண்டு பாண்டிருப்பு வரை கூடவே போனார்.

பிறை காணுமுன்பே அட்டவணை பள்ளிச் சுவரில் ஏறியது. வாப்பா அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார். தூரத்தில் நின்று பார்த்தேன்... அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

கொப்பி அடித்த எங்கள் டிஸ்க்கில் ரவியின் பெயரும் வந்திருந்தது. அழிக்கப் போனேன். காக்கா விடவில்லை.

"கிடக்கட்டும் மகன். ஆரும் வராத நேரத்துல வந்த புள்ள. அவன்ட பேரச் சொல்லியே எழும்பட்டும்."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் எல்லாக் காலையும் ரவிக்குத்தான் விடிந்தது. புதிதாக வருகிறவர்கள் என்னையே "ரவித் தம்பி" என்று கூப்பிட்டார்கள். அசல் ரவி கனடாவுக்குப் போய்விட்டான்.

காக்கா மௌத்தாகி, அடக்கமும் முடிந்து, போன மாதம் அவருடைய மகன் கடையை ஒதுக்கும்போது அந்த டிஸ்க்கை என்னிடம் தந்தார். யுஎஸ்பியில் மாட்டுகிற ஃப்ளொப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். என் லெப்டொப் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செட்டிங்கெல்லாம் மாற்றி, திரும்பத் திரும்பப் போட்டு... பூஞ்சணம் பிடித்துவிட்டதோ என்று டிஸ்க்கின் தகட்டைத் தள்ளிப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் லெப்டொப் சத்தமில்லாமல் திறக்கிறது. நோன்பு அட்டவணை ஃபோனுக்கே வந்துவிடுகிறது. யாரும் எதையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரத் தேவையில்லை. வசதிதான்... ஆனால் வருகிற ஆள் இல்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டது. டர்ர்ர்... டக்...

குட் மோனிங் ரவி.

படம் எடுத்துக் கனடாவுக்கு, அவனுக்கே அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இஞ்ச இப்பதான் விடியுது மச்சான்."