சித்தப்பா மூடிய கேடர்

வீட்டில் நெருப்புப் பிடித்தால், மாடியைத் தாங்குகிற இரும்புக் கேடர் என்ன செய்யும், சொல்லுங்கள் பார்ப்போம்? எரியாது, சரி. ஆனால் சூடேறினால் இளகி வளையும். மேல்மாடி அப்படியே கீழே வந்து குந்தும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி போட்டபோது சமையலறைக்கு மேலே இரண்டு கேடர் வந்தது. அதற்கு மேலேதான் அம்மா அப்பாவின் அறை. அப்பா தூங்கினால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டார். கேடரைச் சுற்றி, நெருப்புத் தாங்கும் ஃபயர் போட் பலகை அடித்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நாலு வருடம் சிவில் இன்ஜினியரிங் படித்தது சும்மாவா?

கட்டியது அப்பாவின் தம்பி. தெஹிவளையில் பாதி வீடு தன் கை என்று பீற்றுகிற கொந்தராத்துக்காரர். நான் ஃபயர் போட் என்று தொடங்கியதும், சாப்பாட்டு மேசையில் முழுச் சொந்தத்துக்கும் முன்னால் கேட்டார்:

"பிள்ளை, நீ கட்டின வீடு ஒண்டு காட்டு பாப்பம். கோழிக்கூடு எண்டாலும் பரவாயில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தச் சிரிப்பைப் பத்திரப்படுத்தி வைத்தேன்.

புது மாடிக்குப் பால் காய்ச்சிக் குடிபூர ஐயர் நாள் வைத்தார். அதற்கு முதல் கிழமையே கேடரை மூடி வெள்ளைப் பெயின்டும் அடித்தாயிற்று. ஃபயர் போட்தானே என்று கேட்டேன். ஓம் என்றார் சித்தப்பா, முகத்தைப் பாராமலே.

குடிபூரல் காலை, மாவிலைத் தோரணம் கட்ட ஏணியில் ஏறிக் கேடரை மூடிய பெட்டியில் ஆணி அடித்தேன். கோணலாகப் போனது. பிடுங்கினால், ஃபயர் போட்டின் வெள்ளைத் தூள் வரவேண்டிய துளையிலிருந்து மரச் சிராய் வந்தது. பிளைவூட். நெருப்பைத் தடுக்க வேண்டிய இடத்தில் மனுசன் விறகை அடுக்கியிருந்தார்.

தோரணத்தைக் கட்டிவிட்டு இறங்கினேன். வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டினேன், சிரித்தேன். கட்டியவருக்கு வேட்டி கொடுக்கிற நேரம் வரட்டும் என்று இருந்தேன்.

பால் பொங்கியது. அப்பா தட்டத்தில் வேட்டியும் வெற்றிலையும் வைத்துத் தம்பியிடம் நீட்டினார். சித்தப்பா கை நீட்ட, நான் ஏணியில் ஏறிப் பெட்டியின் ஓரத்தைச் சுத்தியலால் பெயர்த்தேன். கையளவு துண்டு வந்தது. அப்பாவுக்குக் காட்டவென்று கடையில் முன்பே வாங்கி வைத்திருந்த ஃபயர் போட் துண்டையும் எடுத்து, இரண்டையும் காஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்தேன். ஒன்று மேலால் கருகியதோடு சரி. மற்றது பிடித்து எரிந்தது.

"சித்தப்பா, இதில எது நீங்க அடிச்சது?"

போட் வரச் சுணங்கியதாம், ஐயர் வைத்த நாளை மாற்ற ஏலாதாம், வெறும் கேடரைக் கண்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்களாம். முனகினார். நல்ல காரியத்தில் இப்படியா என்று அம்மா என்னைத்தான் ஏசினார். அப்பா எரிகிற துண்டைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து தங்கள் அறை இருக்கும் பக்கம் பார்த்தார். தட்டத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"முதல்ல இதைக் கழட்டு தம்பி. வேட்டி பிறகு."

இதோடு நான் விட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். ஃபயர் போட் வந்ததிலிருந்து பலகையும் பலகையும் சேரும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். நேற்று ஒன்றில் நகம் நுழைந்தது; நகம் நுழைகிற இடத்தால் நெருப்பும் நுழையும்.

"கோழிக்கூட்டுக்கு இது காணும் சித்தப்பா. வீட்டுக்குப் போதாது."

கழற்றினார்.

இப்போது அவர் ஏணியில் நிற்கிறார். இன்னும் அடிக்க நாலு பலகை இருக்கிறது.