மாதக் கடைசியில் பேசாத கப்பல்

எங்கள் தெருவில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டோம். "கப்பல் பேசிட்டா?" என்றுதான் கேட்போம். பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் இருக்கிறார்கள். சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போகிற வழியில், கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேள்வியும் பதிலும் முடிந்துவிடும். பேசவில்லை என்றால் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பார்வை ஆகவே ஆகாது.

முன்பெல்லாம் கப்பல் துறைமுகம் பிடித்தால்தான் பேச்சு. இப்போது நடுக்கடலிலேயே சாட்டிலைட் இண்டர்நெட் வந்துவிட்டது. ஆனால் அளந்துதான் கொடுக்கிறார்கள். ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று கம்பெனி ஒதுக்கிவிடும். அவரவர் பெயர், அவரவர் பாஸ்வேர்டு. தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஒன்றாம் தேதிதான் மறுபடி நிரம்பும். அதனால் ஒன்றாம் தேதி எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போன் அடிக்கும். அடுப்பில் பால் பொங்கினாலும் அன்றைக்கு ஒருத்தியும் எழுந்து போக மாட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் பத்தாம் தேதிக்கு மேல் டேட்டா நிற்காது. தீர்ந்துவிட்டது, ஒன்றாம் தேதி பேசுகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடுவார். அதோடு சரி. கடைசியாக லீவுக்கு வந்து திரும்பிப் போனதிலிருந்து இதே கதை. அதற்கு முந்தைய கப்பலில் இப்படி இல்லை.

அடுத்த வீட்டு அக்காவின் கணவருக்கும் அதே கம்பெனிதான், கப்பல்தான் வேறு. டேட்டாவும் அதே அளவுதான். அவர் மாதக் கடைசி வரைக்கும் பேசினார். அக்கா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த முருங்கைக்கீரையைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சொன்ன எடை ஒன்று, நிறுத்த எடை வேறு என்றால் கண்டெய்னரைத் திறந்து பார் என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்த வேலையிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டவளிடம் வந்து, போன் அதுவாக டேட்டாவைத் தின்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் நம்புவேனா?

இருந்தாலும் நம்பிப் பார்த்தேன். டேட்டா எதில் எல்லாம் போகும் என்று உட்கார்ந்து படித்தேன். குரூப்பில் வருகிற வீடியோ தானாக இறங்காமல் நிறுத்தச் சொன்னேன். அப்டேட்டை அணைக்கச் சொன்னேன். கோயில் திருவிழாப் படம் ஒன்றுகூட நான் அனுப்பவில்லை. முகம் பார்த்துப் பேசுவதை விட்டுக் குரலோடு நிறுத்திக்கொண்டோம். எழுத்து கொஞ்சம், குரல் அதைவிடக் கூட, ஓடுகிற படம்தான் அள்ளிக்கொண்டு போகும் என்று எனக்கே பாடமாகிவிட்டது. எல்லாம் செய்தாயிற்று என்றார். அந்த மாதமும் பத்தாம் தேதியே தீர்ந்தது.

அப்படியென்றால் வேறு யாருக்கோ ஓடுகிற படம் போகிறது. இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எந்த ஊர்க்காரி, என்ன வயது, எந்தத் துறைமுகத்தில் பழக்கம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு பஸ்ஸில் போவேன், வருவேன். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், அவனிடம் சொல்ல முடியுமா? அக்காவிடம் சொன்னால் கோயில் மணி அடிக்கும் முன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வயிற்றெரிச்சலோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இதற்கு நடுவில்தான் கேமரா. போன லீவில், பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது என்று வாசலில் ஒன்று மாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் தனியாக இருக்கிறேனாம், பாதுகாப்பாம். முதல் வாரத்துக்குப் பிறகு என் போனில் நான் அதைத் திறந்ததே இல்லை. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து கேட்டைத் திறக்கிறேன், கிர் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் கேமரா தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. நான் நடந்தேன், அதுவும் கூடவே திரும்பியது.

எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று பயந்து, மறுநாளே கேமரா கடை அண்ணாச்சியை வரச் சொன்னேன். அவர்தான் மாட்டிக் கொடுத்தவர். என் போனை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, வெளியாள் யாரும் இல்லை, கேமராவோடு சேர்த்திருப்பது ரெண்டே போன்தான், ஒன்று என்னுடையது, இன்னொன்று என் வீட்டுக்காரருடையது என்றார். யாராவது பார்க்கும்போதுதான் நீல விளக்கு எரியுமாம். அவர் நடுக்கடலில் இருக்கிறார், டேட்டாவே இல்லை என்றேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு.

"இதப் பாத்தா டேட்டா எப்படித் தங்கச்சி இருக்கும்? படம் உங்க வீட்டு வைஃபைல ஏறும், பாக்குதவரு போன்ல எறங்கும். எறங்குத எடத்துலயும் டேட்டா ஓடும்லா."

சொன்னால் சிரிப்பீர்கள், முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. இன்னொருத்தி இல்லை. மனுஷன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு சரியாக இருந்தது, ரசித்துச் சாப்பிட்டேன்.

தட்டைக் கழுவும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ் ஓடவில்லை. ஆபீஸ் மேனேஜர் தன் காரில் பெண்கள் எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்கிவிட்டார். என் வீடுதான் கடைசி. அடுத்த ஒன்றாம் தேதி பேசும்போது இவர், ஆபீஸிலிருந்து எப்படி வருகிறாய், பஸ்தானே என்று கேட்டார். கரிசனம் என்று நினைத்து, பஸ்தான் என்று சொல்லி வைத்தேன். இப்போது யோசித்தால், அவர் அப்படிக் கேட்ட மாதம் எட்டாம் தேதியே டேட்டா தீர்ந்திருந்தது.

இவர் என்னைப் பார்த்தாரா, என்னை வேவு பார்த்தாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஆளோடு இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம், தேதி இருபதைத் தாண்டியிருந்தது, டேட்டா தீர்ந்துவிட்டது என்ற வரி வந்து நாளாகிவிட்டது. நான் போய்க் கேமராவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு இறாலை உரிக்க எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதி இறால்கூட உரிக்கவில்லை, போன் அடித்தது. அவர்தான்.

"ஏளா, கேமரா ஏன் ஓட மாட்டேங்கு?"

எப்படி இருக்கிறாய் என்று இல்லை. மகன் பேசினானா என்று இல்லை.

"டேட்டா தீந்துட்டுன்னு சொன்னீய."

சாட்டிலைட் வழியாகப் பேசினால் நம் பேச்சு போய் அவர் பேச்சு வர ஒரு நொடி பிடிக்கும். எனக்கு அது பழக்கம். இது அந்த ஒரு நொடி இல்லை.

"கொஞ்சம் வச்சிருந்தேன். வீட்டப் பாக்கத்தான்."

"வீடு எங்கயும் போகல."

பின்னால் எஞ்சின் ஓசை மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான், இத்தனை மாதம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு மழையில கார்ல வந்து எறங்குனியே. அது யாரு?"

நாலு பேர் வந்தோம், என் வீடு கடைசி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். பஸ்தான் என்று நானும்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு டேட்டாவையும் ஒரு காருக்காகச் செலவழித்த மனுஷனுக்கு அந்த ஒரு வரியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயம்.

"வைங்க. கேமராவப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வயரைச் சொருகினேன். நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் கேமராவுக்கு நேர் எதிரே போட்டு, இறால் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிர் என்றது. நீல விளக்கு எரிந்தது. ஒவ்வொரு இறாலாகத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போட்டேன். நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். கண்ணீர் வந்தபோது துடைக்கவில்லை. கையெல்லாம் இறால் வாடை, எப்படித் துடைப்பது?

கோயில் மணி அடித்தது. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு வந்தவள் கேட் பக்கத்தில் நின்றாள்.

"கப்பல் பேசிட்டா, ஏளா?"

"பேசலக்கா. பாத்துக்கிட்டு இருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நான் இறாலை முடித்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தேன். எழுந்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கும்போது நீல விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், மறுபடி எரியவில்லை. அவருக்கு டேட்டா தீர்ந்துவிட்டது என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாக நம்பினேன்.