ஜப்பான்காரன் கார்டு

பெற்ற அப்பன் ஐசியூவில் கிடக்கும்போது வெளியே உட்கார்ந்து ரெஸ்லிங் பார்ப்பவனை நீங்கள் என்னவென்று திட்டுவீர்கள்? என் சித்தப்பா மகன் முரளி பார்த்துக்கொண்டிருக்கிறான். அடையாறு ஆஸ்பத்திரி வராண்டாவில், அவன் போனில், ஒரு ஜப்பான் ரெஸ்லரின் கடைசி மேட்ச். டோக்கியோ ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது. வெறும் மார்பில் கை சடாரென்று விழும் சத்தம் கேட்டதும் எனக்குச் சின்ன வயதில் நாங்கள் இருந்த தி.நகர் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம், மீன் குழம்பு வாசனை, ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு. அந்தச் சீட்டுக்கட்டிலேயே மட்டமான கார்டு இந்த ஜப்பான்காரன்தான். அமெரிக்காவில் அப்போது அவன் வேலையே தோற்பது. அந்தக் கார்டு யாருக்கு விழுகிறதோ, அவன் சட்டையைக் கழற்றிவிட்டு சித்தப்பாவிடம் மார்பில் அறை வாங்க வேண்டும். சித்தப்பா கார்டு பிரித்துப் போட்டால் அது முரளிக்குத்தான் விழும்.

ஒருநாள் முரளி எங்கேயோ படித்துவிட்டு வந்து, "அவன் ஊர்ல அவன்தான்பா சாம்பியன்" என்றான்.

"இன்னாது, சாம்பியனா? அப்போ அழாம நில்லு நைனா!"

மார்பு கன்றிப்போகும்வரை சித்தப்பா அறைந்தார். வீடே கைதட்டியது. முரளி அழவில்லை. அதற்காகவே இன்னும் வாங்கினான்.

நர்ஸ் வந்து, "சார், அப்பா உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு. சீக்கிரம் வாங்க" என்கிறார்.

"மேட்ச் முடியட்டும் சிஸ்டர்."

மேட்ச் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.