சித்தப்பா பிடிக்கப் போன வெள்ளிக்கூட்டம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குக் குடிவர வேண்டும். சித்தியைக் கட்டிய சித்தப்பாவும் அப்படித்தான் கிரானிலிருந்து வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் அவர் முகம் பழக்கமில்லை.

கட்டாரில் உழைத்து வாங்கிய கமரா ஒன்று அவரிடம் இருந்தது. புது மாப்பிள்ளை பெண்சாதியைப் படம் பிடிப்பார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரோ வானத்தைப் பார்த்து அலைந்தார். இருட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் தென்மேற்கில் வாவிப்பக்கம் இறங்கிவிடும் மங்கலான ஒரு புள்ளிதான் அவருக்கு வேண்டும்.

"அது ஒரு வெள்ளி இல்ல மகள், லட்சக்கணக்கான வெள்ளி ஒண்டா நெருங்கி நிக்கிது" என்றார். நட்சத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

முதல் நாள் எடுத்த படத்தில் வெள்ளிகள் நகர்ந்து எல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தது. இரண்டிரண்டு செக்கனாக நூறு படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டுமாம். அதற்கு ஊர் வெளிச்சம் விழாத கரை தேவை என்று ஊரின் கடைசிக்கே போனார்.

அது மர்ம மனிதன் பயம் பரவியிருந்த காலம். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறானாம், பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறானாம். பொழுதுபட்டபின் வாசல் படலையைத் தாண்டினால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தார். பத்து வயதில் எனக்குத் தோலைவிட அந்தப் புள்ளி பெரிதாகத் தெரிந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்று சித்தப்பாவிடம் பொய் சொல்லிக் கூடவே போனேன்.

கரையில் நுளம்பு மொய்த்துக் கடித்தது. சித்தப்பா கறுப்புச் சட்டையைக் கழற்றி, வெளிச்சம் படாமல் கமராவைச் சுற்றி மூடினார். உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டார். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று டோர்ச்சில் சிவப்புக் கடதாசி ஒட்டியிருந்தார். மர்ம மனிதன் வேஷத்தை இதைவிடத் திறமாக ஒருவன் கட்ட முடியாது. எங்கள் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை.

பாதிப் படம் எடுப்பதற்குள் ஆட்கள் பொல்லு தடிகளோடு வந்துவிட்டார்கள். நான் பற்றைக்குள் ஒளிந்தேன். சித்தப்பாவைப் பிடித்தவனின் கை வழுக்கியது. எண்ணெய் என்று கத்தினான். சித்தப்பா, தான் இன்ன வீட்டு மருமகன் என்று நிதானமாகத்தான் சொன்னார். கமராவைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். அவர்கள் பாதி நம்பிவிட்டார்கள். அப்போதுதான் ஒருவன் என்னைக் கண்டு வெளியே இழுத்தான்.

"பிள்ள, இவர உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

"எனக்குத் தெரியா" என்றேன்.

அம்மாவின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் சித்தப்பாவுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. கமரா தண்ணீருக்குள் கிடந்தது. அடித்தவர்கள் மறுநாள் வந்து வருத்தம் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளை பயந்துவிட்டது என்பதற்குமேல் சித்தப்பா என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் அடிக்கவில்லை. தப்பினேன் என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதன்பிறகு, நான் தனியாக இருந்தால் சித்தப்பா வீட்டுக்குள் வரமாட்டார். சித்தி வரும்வரை முற்றத்திலேயே நிற்பார், மழையென்றாலும். என்னோடு கோபம் என்று நினைத்து நானும் அவரோடு கதைப்பதை விட்டேன். எண்ணெய் பூசிய ஓர் ஆணைத் தெரியாது என்று, இருட்டில், பற்றைக்குள்ளிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்பது வயதுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு அது முதல் அடியிலேயே விளங்கியிருக்கிறது.