வாடிப்பட்டி மலையம்மாளின் பக்கம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பசை வாளி தூக்கிச் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியவன், இன்று காளவாசலில் சொந்தமாக பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் அடித்த பேனரைப் பார்க்காமல் மதுரைக்குள் ஒருவன் நுழைய முடியாது. அதை நம்பித்தான் வாடிப்பட்டியிலிருந்து மலையம்மாள் வந்தாள்.

நாற்று நடுகிற வேலை அவளுக்கு. கணவன் சின்னான், தலையில் அடிபட்டதிலிருந்து நினைவு பிசகியவன். பேரும் ஊரும் மட்டும் சொல்வான். ஆடி மாதம் ஏதோ வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டான். போலீசில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை. எங்காவது யாராவது அவன் சொல்லும் பேரைப் போனில் தட்டித் தேடினால் தன் நம்பர் வரவேண்டும் என்று கேட்டாள்.

“எங்கிட்ட விட்டுரு தங்கச்சி, ஊரே பாக்கும்” என்றேன். சிவப்பில் ‘காணவில்லை’, நடுவில் படம், கீழே நம்பர். அருமையான பிளக்ஸ். அதையே அப்படியே இணையத்தில் ஒரு பக்கமாக ஏற்றச் சொன்னேன்.

மூன்று மாதம் ஒரு போன் இல்லை. அவளே பேரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். யார் யாரோ சின்னான்கள் வந்தார்கள், அவள் புருஷனைத் தவிர. கடை வாசலில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் டிசைன் பார்க்கும் ஹம்சவேணிதான் கண்டுபிடித்தது.

“ஐயா, தேடுற மெஷின் எழுத்தத்தான் படிச்சு வச்சுக்கும். நீங்க முழுசும் படமா ஏத்தச் சொன்னீங்க. வேற எந்தப் பக்கமும் இதக் கைகாட்டவும் இல்ல. பெறகு எப்புடி மேல வரும்?”

பத்தடி எழுத்துப் போடுகிறவன், மெஷின் படிக்க ஒரு வரி போடவில்லை. மூன்று மாதம் என்னால் போனது.

பேர், ஊர், நெற்றித் தழும்பு எல்லாவற்றையும் தமிழிலும் இந்தியிலும் எழுத்தாகவே அடிக்க வைத்தேன். எனக்குத் தெரிந்த மண்டபம், பள்ளிக்கூடம், சங்கம் எல்லோரிடமும் பேசினேன். நான் கேட்டு மாட்டேன் என்றவர் இல்லை. தங்கள் பக்கங்களில் இதற்கு இணைப்புக் கொடுத்தார்கள். சில வாரத்தில், பேரைத் தட்டினால் அவள் சின்னான் முதல் ஆளாக வந்தான். தேடலில் அந்தப் பக்கம் தினம் எத்தனை தடவை தெரிந்தது என்ற கணக்கும் வந்தது. ஆறு, ஏழு, ஒன்பது.

“தேட ஆரம்பிச்சிட்டாய்ங்க” என்று அவளுக்குப் போன் போட்டேன்.

“அது நாந்தாண்ணே” என்றாள். “வயலுக்குப் போறப்ப, வாரப்ப, சும்மா இருக்கப்பல்லாம் பேரப் போட்டுப் பாப்பேன்.”

மற்றவர் தேடினால் தெரியட்டும், நீ தேடாதே என்று சொல்லி வைத்தேன். சரியென்றாள்.

மறுநாள் பூஜ்யம். அதற்கடுத்த மூன்று நாளும் பூஜ்யம். ஐந்தாம் நாள் ஒன்று. உடனே அவளைக் கூப்பிட்டு, யாராவது பேசினார்களா என்றேன்.

“மனசு கேக்கலண்ணே. அவரு இன்னும் அதுல இருக்காரான்னு பாத்தேன்.”